ஷில்லிங்குக்குப் பிறகு வந்த வரி

அத்தியாயம் 14

லோவெல் ஹண்ட்லியின் முழங்கால் அன்று படுக்கையிலேயே முனக ஆரம்பித்துவிட்டது. கோர்ட்டுக் கட்டடத்தின் கல்படிகளுக்கு வந்தபோது அது கத்தியது. வலது காலை மேலே வைத்து, இடது காலை ஒரு மூட்டையைப் போலப் பின்னால் இழுத்துக்கொண்டு ஏறினான். முப்பது வருஷம் கூரைச் சரிவுகளில் மண்டி போட்டு ஆணி அடித்த கால்கள் அவை.

"கைப்பிடியப் புடிச்சு ஏறேன். யாரும் பாக்கல" என்றாள் தங்கை நோரீன்.

"பாத்தா பாக்கட்டும். குடிச்சிட்டா வரேன்?"

"குடிச்சிருந்தா இதவிட நேரா ஏறுவ."

நோரீனின் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அண்ணனின் ட்ரக்கில் வந்திருந்தாள். லோவெலுக்கு இந்தக் கட்டடத்துக்குள் மறுபடி நுழைய விருப்பமே இல்லை.

காரணம் ஊருக்கே தெரியும். இரண்டு வாரம் முன்பு, இதே கட்டடத்தின் மாடியில், அந்த மாவட்டத்தை நிர்வகிக்கும் கவுண்டி வாரியத்தின் கூட்டம். ஹண்ட்லி குடும்பத்தின் ஓடைத்தலை நிலத்தைச் சூரிய மின்தகடு போடும் கம்பெனி ஒன்று வாங்குகிறது. மரங்களை வெட்ட அனுமதி கேட்டிருந்தது. ஆட்சேபம் உண்டா என்று தலைவர் கேட்டபோது ஐஷம் ட்ராட்டர் எழுந்தான். தொப்பி கையில்.

"அந்த மரக்கூட்டத்துக்குள்ள, அடிமையா இருந்த எங்க ஆளுங்க புதைஞ்சு கிடக்கிறாங்க. தலைமாட்டுல ஒரு கல்லு, கால்மாட்டுல ஒரு கல்லு. மேல பூரா நீலப் பூக்கொடி. எங்கப்பா எனக்குக் காட்டினாரு. அவருக்கு அவங்கப்பா காட்டினாரு."

"காகிதம் ஏதாவது இருக்கா, ஐஷம்?" என்றார் தலைவர். கல்லறை என்று ஒரு காகிதம் இருந்தால் போதும், மரம் வெட்ட வரும் இயந்திரம் நின்றுவிடும்.

இல்லை என்று ஐஷம் தலையாட்டினான்.

அங்கேயே விட்டிருக்கலாம். யாரும் லோவெலைக் கூப்பிடவில்லை. அவனாகவே எழுந்து போய் மைக்கைப் பிடித்தான்.

"எங்க குடும்பம் யாரையும் அடிமையா வெச்சிருந்ததில்ல. சொத்துல பங்கு தராம அப்பனே ஒரு ஷில்லிங் காசக் கையில குடுத்து வெரட்டிவிட்ட ட்ரூரி ஹண்ட்லியோட வம்சம் நாங்க. அந்தக் காட்டைத் தன் கையாலயே வெட்டி உழுதாரு. அங்க கிடக்கிறது வயல்ல பொறுக்கிப் போட்ட கல்லு. வேற ஒண்ணுமில்ல."

கூட்டம் தலையாட்டியது. வாரியம் அனுமதி தரக் கை தூக்கியது. ஐஷம் மரியாதை பார்க்காமல் அந்த மண்டபத்துக்குள்ளேயே தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

லோவெலும் ஐஷமும் இருபது வருஷத்துக்கு மேல் ஒரே கூரையில் வேலை பார்த்தவர்கள். ஒருவன் தகடு வைத்தால் மற்றவன் ஆணி அடிப்பான். அதற்குப் பிறகு ஐஷம் ட்ரக்கில் வந்து ஏறவில்லை. போன் எடுக்கவில்லை.

*

ஆவண அறையில் உட்கார நாற்காலி கிடையாது. நெஞ்சு உயரத்துக்குச் சாய்வான இரும்பு மேஜைகள். அவற்றுக்கு அடியில் உருளைகளின் மேல் படுத்துக் கிடக்கும் தடித் தடியான உயில் புத்தகங்கள். லோவெல் முழங்கையை மேஜையில் ஊன்றிக் காலின் பாரத்தைக் குறைத்துக்கொண்டான்.

நோரீனுக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். காலனிக்கால முதல் குடும்பங்களின் மகளிர் சங்கத்தில் சேர இரண்டு வருஷமாக முயன்றுகொண்டிருந்தாள். அங்கே டாக்டர் மனைவிகளும் பண்ணைக்காரப் பெண்களும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு மதியச் சாப்பாடு சாப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு மக்ரோனி பரிமாறுகிறவள் நோரீன். ஒரு தடவையாவது அந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

அதற்கு, ட்ரூரி ஹண்ட்லி என்பவர் ஜொசாயா ஹண்ட்லியின் மகன் என்று கோர்ட்டு நகல் வேண்டும். ஜொசாயாவின் உயிலிலிருந்து லூலா அத்தை டைப் அடித்து வைத்த சுருக்கம் செல்லாது என்று சங்கம் திருப்பி அனுப்பிவிட்டது.

அந்தச் சுருக்கம் ஹண்ட்லிகள் வீட்டுக்கு வீடு சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஒன்று. மனைவிக்குப் படுக்கையும் குதிரையும். மூத்த மகன்களுக்கு ஆற்றோர நிலம். கடைசியாக, "என் மகன் ட்ரூரிக்கு ஒரு ஷில்லிங்." அப்பா குடித்த நாட்களில் அந்த வரியைத்தான் படிப்பார். நம்மள ஏமாத்திட்டாங்க, ஆனா நாம எவன் முதுகுலயும் ஏறல, நம்ம கையாலயே பொழைச்சோம் என்பார். லோவெல் தன் காய்த்துப்போன உள்ளங்கையைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வதும் அதையேதான்.

குமாஸ்தா அம்மாள் புத்தகத்தை இழுத்து மேஜையில் வைத்து, பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். "மெதுவாத் திருப்பு கண்ணு. இருநூத்தம்பது வருஷக் காகிதம்."

நோரீன் விரலை வைத்துப் படித்தாள். எழுத்து கோணல், ஆனால் தெளிவு. ஜொசாயா. மனைவி. படுக்கை. குதிரை. மகன்கள். பக்கத்தின் கடைசி வரியில் அது இருந்தது. என் மகன் ட்ரூரிக்கு ஒரு ஷில்லிங்.

"இருக்கு" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை லோவெல் வெகுநாளாகப் பார்த்ததில்லை. "அப்படியே இருக்கு பாரு."

"அப்புறம் என்ன. நகல் எடு, போலாம். காலு கொல்லுது."

"கையெழுத்து எங்கன்னு பாக்கணும்" என்று பக்கத்தைத் திருப்பினாள்.

அடுத்த பக்கத்தின் மேலே வாக்கியம் தொடர்ந்தது. நோரீன் வாய்க்குள் படித்தாள். நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"என்ன?"

அவள் புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினாள். லோவெல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான்.

"...அவன் தன் கல்யாணத்தின்போதே ஓடைத்தலை நிலத்தையும், ஃபீபி என்னும் நீக்ரோப் பெண்ணையும், அவளுக்கு இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளையும் தன் முழுப் பங்காக என்னிடமிருந்து பெற்றுக்கொண்டுவிட்டபடியால்."

ஆவண அறையின் பழைய மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"சங்கத்துக் கையேட்டுல போட்டிருந்தான்" என்றாள் நோரீன், மேஜையைப் பார்த்தபடி. "ஏற்கெனவே பங்கு வாங்கினவனுக்கு ஒரு ஷில்லிங் எழுதுவாங்களாம். என்னை மறந்துட்டாருன்னு அவன் பின்னால கேஸ் போடக் கூடாதுன்னு. நான் படிச்சேன். அது மத்தக் குடும்பங்களுக்குன்னு நெனச்சேன்."

"லூலா அத்தை பக்கத்தத் திருப்பலியா?"

"திருப்பாம எப்படி? கையெழுத்து இந்தப் பக்கம்தானே இருக்கு."

லூலா அத்தை திருப்பியிருக்கிறாள். அதனால்தான் ஷில்லிங்கோடு முற்றுப்புள்ளி வைத்திருக்கிறாள்.

அங்கேயே மூடியிருக்கலாம். ஆனால் நோரீன் இரண்டு வருஷமாக இந்த மாதிரிக் காகிதங்களைப் பற்றிப் படித்து வைத்திருந்தவள். ட்ரூரி செத்தபோது அவருடைய சொத்துக்கும் கணக்கெடுத்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அக்கம்பக்கத்தார் மூன்று பேர் வீட்டுக்கு வந்து, பானை முதல் மாடு வரை ஒவ்வொன்றுக்கும் விலை எழுதுவார்கள். அவள் வேறொரு புத்தகத்தை உருளைகளிலிருந்து இழுத்தாள். லோவெல் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

இறகு மெத்தை இரண்டு. இரும்புப் பானை ஒன்று. பழைய மண்வெட்டிகள் ஒரு கட்டு. பழுப்புக் குதிரை. கேட், சிறுமி. ஐஷம், சிறுவன்.

லோவெலின் கண் அந்தப் பெயரில் நின்றது. விலை எழுதியிருந்தார்கள். குதிரையை விடக் கொஞ்சம் அதிகம்.

ஐஷம் அடிக்கடி சொல்லுவான். எங்க வீட்டுல தலைமுறைக்கு ஒரு ஐஷம் இருந்தே ஆகணும்டா, எங்கிருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, ஆனா வெச்சே ஆகணும். கூரைமேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு சொல்லுவான்.

அதற்கு அடுத்த வரி. "ஃபீபி, கிழவி. மதிப்பு ஒன்றுமில்லை."

"போதும் நோரீன்."

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள். அவள் குரலில் ஈரமே இல்லை. சொத்தைப் பார்த்துக்கொண்டவர் பின்னால் கொடுத்த செலவுக் கணக்கு அது. வரிகளுக்கு நடுவே ஒன்று: ஓடைத்தலையில் கிழவி ஃபீபியின் குழியைத் தோண்டியவர்களுக்குப் பிராந்தி.

ஐஷமிடம் வாரியம் கேட்ட காகிதம் அது.

குமாஸ்தா அம்மாள் எட்டிப் பார்த்தாள். "எது எதுக்கு நகல் வேணும் கண்ணு? எல்லாத்துக்குமா, முதல் பக்கம் மட்டுமா?"

நோரீன் அண்ணனைப் பார்த்தாள். அவன் தன் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, வியர்வைக் கறையைத் தவிர.

"முதல் பக்கம் மட்டும்" என்றாள் நோரீன்.

லோவெல் வாயைத் திறக்கவில்லை.

*

பெட்ரோல் பங்க் வாசலில் ட்ரக்கை நிறுத்தி, பன்றித்தொடைக்கறி வைத்த பிஸ்கட் ரொட்டி ஆளுக்கொன்று வாங்கினார்கள். உப்பு தூக்கலாக இருந்தது. நோரீன் பாதி சாப்பிட்டுக் காகிதத்தில் சுற்றினாள்.

"என்னை அப்படிப் பாக்காத" என்றாள்.

"நான் ரோட்டப் பாக்கறேன்."

"நாளன்னிக்கு மிஷின் வருது. இப்பப் போய் அதக் காட்டினா விற்பனை நின்னுடும். உன் முழங்கால் ஆபரேஷனுக்குப் பணம் யாரு குடுப்பா? பாங்குக்காரன் என் வீட்டுக் கதவுல ஒட்டிட்டுப் போன நோட்டீஸ யாரு கிழிப்பா?"

"நான் கேட்டேனா?"

"கேக்க மாட்ட. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ. நான் மட்டும் பாவி ஆகணும்."

"அங்க நானும்தானே வாய மூடிட்டு நின்னேன்."

"இன்னிக்கு மூடிட்ட. அன்னிக்கு மைக்குல பேசச் சொல்லி யாரு உன்னக் கேட்டா? கம்பெனி வக்கீலு ரெண்டு பேரு சும்மா உக்காந்திருந்தானுங்க. நீ வாயத் திறக்கலைன்னாலும் காகிதம் இல்லைன்னுதான் முடிஞ்சிருக்கும். நீயாப் போய் நின்ன."

அது உண்மை. ஏன் போய் நின்றான் என்று லோவெலுக்குத் தெரியும். பணத்துக்காக இல்லை. எங்க ஆளுங்க உங்க நிலத்துல கிடக்கிறாங்க என்று ஐஷம் ஊர் நடுவில் சொன்னபோது இவனுக்கு அவமானமாக இருந்தது. பண்ணைக்காரன் வரிசையில் தன்னை நிறுத்திவிட்டானே என்று கோபம். நான் உன்னைப்போல ஆள்தானே, நமக்குள்ளே என்ன வித்தியாசம் என்று கேட்பதற்காகவே எழுந்தான். கேட்ட விதம்தான் வேறு.

கூரைமேல் ஐஷமிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பான் அந்த வேடிக்கையை. "உன் தாத்தனுக்கு ஒண்ணும் கிடைக்கல, என் தாத்தனுக்கு ஒரு ஷில்லிங். ரெண்டு பேரையும் ஒரே ஆளுங்கதான்டா ஏமாத்தினாங்க." ஐஷம் அவனுக்கு ஷில்லிங் என்றே பெயர் வைத்துவிட்டான். டேய் ஷில்லிங், ஆணி டப்பாவ எடு. டேய் ஷில்லிங், மழை வருது எறங்கு. அந்த வேடிக்கைக்கு ஐஷம் சிரித்த ஞாபகம் மட்டும் இப்போது எவ்வளவு தேடியும் வரவில்லை. பெயர் வைத்தான். சிரித்தானா?

லோவெல் ட்ரக்கைக் கிளப்பினான். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"எங்க போற?"

"நிலத்துக்கு."

"எதுக்கு?"

அவனுக்கே தெரியவில்லை.

*

ஓடைத்தலை மண்ரோட்டின் முடிவில், வெட்டும் எல்லையைக் காட்டக் கம்பெனிக்காரன் கட்டிவைத்த ஆரஞ்சு ரிப்பன்களுக்கு அருகில், ஐஷமின் பழைய ட்ரக் நின்றுகொண்டிருந்தது. பின்பலகை இறக்கியிருந்தது.

"நீ இரு" என்று நோரீனிடம் சொல்லிவிட்டு லோவெல் இறங்கினான்.

மரக்கூட்டத்துக்குள் நீலப் பூக்கொடி தரையை மூடிப் படர்ந்திருந்தது. ஆங்காங்கே தரை ஓர் ஆள் நீளத்துக்கு உள்வாங்கிக் கிடந்தது. சின்ன வயதில் அந்தப் பள்ளங்களில்தான் அவனும் நோரீனும் ஒளிந்து விளையாடினார்கள்.

ஐஷம் கடப்பாறையால் ஒரு கல்லை நெம்பிக்கொண்டிருந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கல் அசைந்தது. குனிந்து கட்டிப்பிடித்துத் தூக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ட்ரக்குக்கு நடந்தான். லோவெலைத் தாண்டும்போது தலையைக் கொஞ்சம் அசைத்தான். கல்லைப் பழைய போர்வையின் மேல் இறக்கினான். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுக் கற்கள் இருந்தன, ஒன்றையொன்று உரசாமல் நடுவே துணி செருகி.

"வந்துட்டீங்களா, மிஸ்டர் ஹண்ட்லி" என்றான்.

இருபது வருஷம் டேய் போட்டவன். அந்த மரியாதை லோவெலின் கன்னத்தில் அறையாக விழுந்தது.

"என்னடா பண்ற?"

"எலும்பத் தோண்ட எனக்கு அனுமதி கிடையாது. கேட்டுப் பாத்தேன். இது வெறும் கல்லுன்னு வாரியமே சொல்லிடுச்சு. கல்ல எடுக்கலாம். எங்க சர்ச்சு வேலியோரமா நட்டு வெக்கலாம்னு." முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "கீழ இருக்கிறவங்க மேல மிஷின் ஓடத்தான் போகுது. கல்லாவது நசுங்காம இருக்கட்டும்."

"ஐஷம்..."

"நில்லுங்க. வயல்ல பொறுக்கிப் போட்ட கல்லுன்னா அது நிலத்துக்காரங்க கல்லு. நான் திருடன் இல்ல. உங்க வீட்டுக்கு வரதா இருந்தேன், நீங்களே வந்துட்டீங்க." பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்தான். இருபது டாலர் நோட்டு ஒன்றை நீட்டினான். "பத்துமா?"

"இதெல்லாம் வேணாம்டா."

"வேணும். நாளைக்கு எவனும் வந்து ஐஷம் ட்ராட்டர் ஹண்ட்லி நிலத்துல கல்லு திருடினான்னு சொல்லக் கூடாது."

நோட்டு இருவருக்கும் நடுவே நின்றது. வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்தப் பக்கத்தைத் திருப்ப வேண்டும்.

லோவெல் வாங்கிக்கொண்டான்.

ஐஷம் பர்ஸை மூடினான். பிறகு, அவசரமே இல்லாமல் கேட்டான். "காலைல உங்க ட்ரக்க கோர்ட்டு வாசல்ல பாத்தேன். மிஸ் நோரீனோட காகித விஷயம்னு நெனச்சேன். எங்க ஆளுங்களப் பத்தி அதுல ஏதாவது கண்ணுல பட்டுச்சா? ஒரு பேரு, எதுவா இருந்தாலும். கல்லுமேல எழுதி வெக்கலாம்னு கேட்டேன்."

அவன் கண்ணில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. உண்மையாகவே கேட்டான். இவ்வளவுக்குப் பிறகும், லோவெல் பார்த்திருந்தால் சொல்லுவான் என்று நம்பிக் கேட்டான்.

"ஷில்லிங் இருந்துச்சு" என்றான் லோவெல்.

"சரி" என்றான் ஐஷம். பின்பலகையைத் தூக்கிக் கொக்கியை மாட்டிவிட்டு ட்ரக்கில் ஏறினான். லோவெலின் ட்ரக்கைக் கடக்கும்போது நோரீனைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான். கற்கள் குலுங்கிவிடாதபடி, நடக்கிறவன் வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனான்.

லோவெல் திரும்பி வந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தான். கையில் நோட்டு.

"அது என்ன?"

"கல்லுக்கு விலை குடுத்தான்."

"நீ வாங்கினியா?"

நோரீன் அந்த நோட்டைப் பார்த்தாள். அவள் மடியில் சங்கத்துக்கான கவர் இருந்தது, முதல் பக்கத்தின் நகல் அதற்குள்ளே. அதை எடுத்து டாஷ்போர்டின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

"அவன் தூக்கிட்டுப் போனான் பாரு, அந்தக் கல்லு. கைக்குழந்தையத் தூக்கற மாதிரி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நான் சொல்ல வேணாம்னு சொன்னதாலயா சொல்லல?"

"உன்னால இல்ல."

"பின்ன?"

"நான் மைக்குல பேசினதாலதான். ஊரே கேட்டுச்சு. இப்பப் போய் இல்லைன்னு எப்படிச் சொல்வேன்?"

"அதே மாதிரி மைக்கு முன்னால போய்த்தான் சொல்லணும்" என்றாள். அவளுடைய கோபம் போய்விட்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்திருந்தது அவனிடம் இருந்த அதே வெட்கம்தான். "அஞ்சு மணி வரைக்கும் ஆபீஸ் திறந்திருக்கும். மத்தப் பக்கங்களுக்கெல்லாம் நகல் எடுக்க நேரம் இருக்கு. வீடு போனா போகட்டும்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல, லோவெல். நீ ட்ரக்கத் திருப்பினா நான் தடுக்க மாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

லோவெல் சாவியில் கை வைத்தான். திருகவில்லை. மண்ரோட்டில் ஐஷமின் ட்ரக் கிளப்பிய தூசி இன்னும் அடங்கவில்லை.

ஐஷம் ட்ராட்டருக்கு அவன் இருபது டாலர் தர வேண்டும். ஃபீபி என்கிற பெயரைத் தர வேண்டும். இரண்டும் இன்னும் அவனிடமே இருந்தன.